டிஸ்க் மதிப்பெண் பார்த்து ஆள் எடுக்கலாமா?

கேள்வி: டிஸ்க் (DISC) என்ற ஆளுமைக் கேள்வித்தாளில் ‘டி’ (ஆதிக்கம்) மதிப்பெண் அதிகம் உள்ளவர்களையே விற்பனைப் பிரிவுக்கு எடுக்கணும்னு எங்க ஹெச்ஆர் சொல்றாங்க. இது உளவியலாளர் மார்ஸ்டன் உருவாக்கிய சோதனைதானே?

பதில் 1: இல்லைங்க. மார்ஸ்டன் 1928இல் வந்த நூலில் ஆதிக்கம், தூண்டல், பணிவு, இணக்கம்னு நான்கு வகை சொன்னார், அவ்வளவுதான். கேள்வித்தாள் ஆக்கியவர்கள் பின்னால் வந்த வால்டர் கிளார்க், ஜான் கையர் போன்றவர்கள்.

பதில் 2: கோளாறு மதிப்பெண் முறையில். பழைய வடிவத்தில் நான்கு நான்கு சொல்லாகக் கொடுத்து, மிகவும் பொருந்துவது ஒன்று, கொஞ்சமும் பொருந்தாதது ஒன்று தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். ஒரு வகையின் மதிப்பெண் ஏறினால் இன்னொன்று இறங்கியே தீரும். அதனால் ஒருவருக்குள் எது ஓங்கியிருக்குன்னு தெரியும். இரண்டு பேரை ஒப்பிட முடியாது. வேலை தேடி வருபவர் எதை டிக் அடிக்கணும்னு தெரிஞ்சேதான் வருவார்.

பதில் 3: டிஸ்க்கை, ஆள் சேர்ந்த பிறகு குழுப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்க. ஆள் எடுக்க, எல்லாருக்கும் ஒரே கேள்விகள், முன்கூட்டியே எழுதிய மதிப்பெண் அளவுகோல், விற்பனை அழைப்பு ஒன்றை நடித்துக் காட்டச் சொல்வது போதும்.