செல்ஃப் நல்லா சுத்துது, ஓம்னி பிடிக்க மாட்டேங்குது

புளியரை ஓம்னி:
அண்ணாச்சிமாரே, 1997 மாடல் மாருதி ஓம்னி. கார்பரேட்டர் வண்டி, கேஸ் கிட்டும் இருக்கு. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியா புனலூருக்குத் தேங்காய் ஏத்துற வண்டி. சாரல் விழ ஆரம்பிச்சதுல இருந்து காலையில தகராறு, முந்தாநாளிலிருந்து சுத்தமா ஸ்டார்ட் ஆகல. பேட்டரி புதுசு, செல்ஃப் வேகமா சுத்துது. மூணு பிளக்கும் மாத்தியாச்சு. கழட்டினா பெட்ரோல்ல நனைஞ்சிருக்கு. சாவியை விடுற நேரத்துல மட்டும் ஒரு தடவை டப்புன்னு பிடிக்கப் பார்க்குது. கார்பரேட்டரை மாத்தச் சொல்றாங்க. மாத்தலாமா?

தென்காசி ஸ்பேனர்:
இப்ப மாத்தாதீங்க. பிளக் நனைஞ்சிருந்தா பெட்ரோல் உள்ள போகுதுன்னு அர்த்தம், எரியலைங்கறதுதான் கேள்வி. மொதல்ல மூணு பிளக்கையும் கழட்டி, பிளக்குக்குப் பொறி கொடுக்கற காயிலோட நடு ஒயரை எஞ்சின்ல எர்த் பண்ணிட்டு, 5 செகண்ட் செல்ஃப் அடிங்க, தேங்கின பெட்ரோல் வெளிய வந்துடும். பக்கத்துல பீடி, விளக்கு எதுவும் ஆகாது. பிளக்கைக் காய வெச்சு, முனை இடைவெளி 0.7–0.8 மில்லிமீட்டர் பார்த்து மாட்டுங்க.

அடுத்து, பொறியை மூணு பிளக்குக்கும் பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, ஒருத்தரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி உள்ள இருக்கற ரோட்டர் சுத்துதான்னு பாருங்க. இந்த எஞ்சின்ல அது கேம் ஷாஃப்ட்டோட சேர்ந்து சுத்துறது. நின்னா டைமிங் பெல்ட் போச்சு. சுத்துதுன்னா பிளக் ஒயர் வரிசை, அதாவது பொறி போற வரிசை, 1-3-2 சரியான்னு பாருங்க, பிளக் மாத்தும்போது இடம் மாறியிருக்கலாம். எல்லாம் சரின்னா சுவிட்சைக் கேஸ்ல போட்டு அடிச்சுப் பாருங்க. கேஸ்ல ஓடினா கரண்ட் பக்கம் பழுதில்லை, கார்பரேட்டரைத் தொடலாம். கேஸ்லயும் ஓடலைன்னா கரண்ட்தான்.

புனலூர் வேலையாள்:
சாரல் நேரம்னா மூடிக்குள்ள ஈரம் கோர்க்கும். உள்பக்கம் பென்சில் கோடு மாதிரி கருப்பா இழை ஓடியிருந்தா, துடைச்சுப் பிரயோஜனமில்லை, மூடியை மாத்தணும். ராத்திரி சீட்டைத் தூக்கி வெச்சு செல்ஃப் அடிச்சா ஒயர்ல நீலமாப் பொறி தாவுறது தெரியும்.

டேங்கில் தண்ணியும் பாருங்க. இப்ப பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், அளவு மீறினா தண்ணியும் எத்தனாலும் சேர்ந்து அடியில தனியா பிரிஞ்சிடும். பம்ப்பிலிருந்து கார்பரேட்டருக்குப் போற ஹோஸைக் கழட்டிக் கண்ணாடி பாட்டில்ல அரை டம்ளர் பிடிச்சு, கால் மணி நேரம் அசைக்காம வைங்க. ரெண்டு அடுக்கா நின்னா டேங்கை வடிக்கணும். ஆயிலைத் தொட்டு மோந்தும் பாருங்க. பெட்ரோல் வாடை அடிச்சு அளவும் ஏறியிருந்தா பம்ப் டயாஃபிரம் கிழிஞ்சிருக்கு.

செங்கோட்டை ஆட்டோ எலக்ட்ரிக்:
கேள்வியிலேயே பதில் இருக்கு: “சாவியை விடுற நேரத்துல மட்டும்.” சாவி ஸ்டார்ட் இடத்துல இருக்கும்போது காயிலுக்குக் கரண்ட் போகல. விட்டதும் ஆன் இடத்துக்குத் திரும்புது, அப்ப கரண்ட் வருது, எஞ்சின் இன்னும் சுத்திக்கிட்டு இருக்கறதால ஒரு தடவை வெடிக்குது. ஈரமோ தண்ணியோ இருந்தா இந்தக் குறி இப்படி வராது.

ஸ்பேனர் அண்ணாச்சி சொன்ன கேஸ் சோதனை இங்க ஏமாத்தும். பல கிட்டில் கேஸைத் திறந்து விடுற சோலனாய்டு வால்வுக்கும் காயிலுக்குப் போற அதே இக்னிஷன் லைன்தான். கேஸ்லயும் ஓடாது, ஆனா கோளாறு காயிலா, சாவி சுவிட்சான்னு தெரியாது.

வோல்ட் அளக்கற மீட்டரை எடுங்க. காயில் பிளஸ்ல சாவி ஆன் வெச்சு ஒரு தடவை, செல்ஃப் அடிக்கும்போது ஒரு தடவை, அதே நேரம் பேட்டரி முனையில ஒரு தடவை. செல்ஃப் அடிக்கையில பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழ இறங்கக் கூடாது.

புளியரை ஓம்னி:
பார்த்தாச்சு. ரோட்டர் சுத்துது, ஒயர் வரிசை சரி, மூடி சுத்தமா இருக்கு, பாட்டில்ல தண்ணி பிரியல. சாவி ஆன்ல காயில் 12.1. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 10.4, காயில் 5-தான் வருது.

செங்கோட்டை ஆட்டோ எலக்ட்ரிக்:
அதுதான். காயில்ல 5 வோல்ட் வந்தா பொறி மஞ்சளா மெலிஞ்சு வரும், நனைஞ்ச பிளக்கைப் பத்த வைக்காது. உறுதிக்கு, நியூட்ரல்ல போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்துட்டு, பேட்டரி பிளஸ்ல இருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வெச்ச ஒயரை நேரா காயில் பிளஸ்ல கொடுத்து செல்ஃப் அடிங்க. பிடிச்சுதுன்னா தீர்ந்தது. சாவியை அணைச்சாலும் எஞ்சின் நிக்காது, ஒயரை உருவணும். அந்த ஒயரோட லோடுக்குப் போயிடாதீங்க. எஞ்சின் நின்னபிறகும் கரண்ட் ஓடி காயில் வெந்துடும்.

அப்புறம் பேட்டரி மைனஸைக் கழட்டிட்டு சாவிக்குப் பின்னாடி இருக்கற கனெக்டரைப் பாருங்க. பின் பச்சை பூத்திருந்தா சுரண்டி, இறுக்கி மாட்டி, மறுபடி அளங்க. மாறலைன்னா சுவிட்சோட கான்டாக்ட் தேய்ஞ்சிருக்கு. சாவிப் பூட்டை விட்டுட்டு சுவிட்ச் பாகத்தை மட்டும் கேட்டு வாங்குங்க. ரிலே போட்டா போதும்னு யாராவது சொல்வாங்க. ரிலேயை இழுக்க வேண்டியதும் அதே லைன்தான், தேய்ஞ்ச கான்டாக்ட்டை அது சரி பண்ணாது.

மாட்டினதும் செல்ஃப் அடிச்சுக்கிட்டே அளக்கணும். பேட்டரிக்கும் காயிலுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது. பழைய பெட்ரோல் ஹோஸ் கையோட கையா மாறட்டும். எத்தனாலுக்கு ஊறி வெடிக்கற ரப்பர் அது, எஞ்சின் இருக்கறதோ சீட்டுக்கு அடியில.