மறு: ஃபாண்டன்டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நான் போட்ட கேள்விக்கு இத்தனை பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் படித்துவிட்டேன். தனித்தனியாகப் பதில் எழுத நேரமில்லை, நாளை காலைக்குள் ஒரு ரயில் எஞ்சினும் ஐந்து பெட்டிகளும் முடிக்க வேண்டும். அதனால் ஒரே மடலில்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: நான் திருச்சியில் வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுக்கிறேன். முக்கால்வாசி குழந்தைகளின் பிறந்தநாள் கேக். டைனோசர், யூனிகார்ன், ஸ்பைடர்மேன், ஜே.சி.பி. (இந்த மஞ்சள் வண்டி மீது மூன்று வயதுப் பையன்களுக்கு இருக்கும் பக்தி எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.) ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு துண்டுச் சீட்டு வைப்பது வழக்கம்: எங்கே வைக்கலாம், எப்படி வெட்டலாம், எதை வாயில் போடக் கூடாது. அதைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன்: கேக் மேல் போர்த்தும் ஃபாண்டன்டுக்குத் தமிழில் என்ன பெயர்?

ஏன் சீட்டு, ஏன் தமிழ் என்று ஒருவர் கேட்டிருந்தார். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பாட்டி தொலைபேசியில் அழைத்தார். "கேக் வந்துடுச்சும்மா, அழகா இருக்கு. மேல சுத்தியிருக்கிற பிளாஸ்டிக்கை இப்பவே உரிச்சிடலாமா, வெட்டறப்போ உரிக்கணுமா?" அது ஃபாண்டன்ட் பாட்டி என்றேன். "என்ன பாண்டா?" என்றார். கடைசியில், "சீனிதான் பாட்டி. சப்பாத்தி மாவு மாதிரி பிசைஞ்சு, தேய்ச்சு, மேல போர்த்தியிருக்கேன்" என்றேன். "அப்படிச் சொல்லேன்!" என்று வைத்துவிட்டார். (பாட்டியைக் குறை சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் இதற்கு 'பிளாஸ்டிக் ஐசிங்' என்றே ஒரு பெயர் உண்டு.)

இனி, வந்த சொற்கள்.

> பிரெஞ்சில் 'ஃபோந்த்ர்' என்றால் உருகுதல். எனவே 'உருகினி' எனலாம்.

வேர் சரி. ஆனால் அந்தப் பெயர் முதலில் வேறொரு பண்டத்துக்குரியது. சீனிப்பாகை 115 டிகிரி அளவில், நம் சமையலறைக் கணக்கில் உருண்டைப் பதத்தில் இறக்கி, ஆறவிட்டு, விடாமல் கிளறினால் பூத்து வெளுத்து வழுவழுவென்று வருமே, அதுதான் மூத்த ஃபாண்டன்ட். லேசாகச் சூடு காட்டி எக்ளேர் என்ற பிரெஞ்சுப் பண்டத்தின் மீது ஊற்றுவார்கள், வாயில் வைத்தால் கரையும். நான் கேக் மீது போர்த்துவது அதன் தம்பி. ஐசிங் சீனி, குளுக்கோஸ் பாகு, கிளிசரின், ஜெலட்டின் எல்லாம் சேர்த்துப் பிசைந்தது. சைவக்காரர்களுக்கு ஜெலட்டினுக்குப் பதில் கடற்பாசி. இது உருகினால் என் பிழைப்பு போச்சு.

போயிருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன். ஒரு ஐப்பசி அடைமழையில் நீண்ட கழுத்து டைனோசர் ஒன்று. காற்றில் ஈரம் சொட்டச் சொட்ட இருந்தது, சீனி அதையெல்லாம் இழுத்துக்கொண்டது. போதாக்குறைக்கு, பொம்மை செய்யும் உருண்டையில் சி.எம்.சி. என்னும் இறுக்கும் பொடியைச் சேர்க்க மறந்துவிட்டேன். கால் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி போட்டிருந்தால் இறுகி நின்றிருக்கும். மண்டபத்தில் பெட்டியைத் திறந்தால் டைனோசர் தலையைத் தன் முன்னங்கால் மீது வைத்துப் படுத்திருந்தது. பிறந்தநாள் குழந்தை "தூங்குது" என்றான். அவன் அம்மா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பாதிப் பணம்தான் வந்தது. இதற்குப் போய் 'உருகினி' என்று பெயர் வைக்க மனசு வரவில்லை, மன்னிக்கவும்.

> சர்க்கரைப் பசை. ஆங்கிலேயர் சொல்வதன் நேர் தமிழ்.

பிரிட்டனில் 'சுகர்பேஸ்ட்' என்கிறார்கள், உண்மை. ஆனால் தமிழில் பசை என்றதும் சுவரொட்டிதான் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய சிக்கல், என் மேசையில் உண்மையாகவே ஒரு பசை இருக்கிறது. சி.எம்.சி. பொடியைத் தண்ணீரில் ஊறவைத்தால் வரும் கூழ். ஜே.சி.பி.க்குச் சக்கரம் ஒட்டுவதும் யூனிகார்னுக்குக் கண் ஒட்டுவதும் அதில்தான். இதைப் பசை என்றால் அதை என்ன என்பது?

> சீனிக்களி.

இதற்குக் கிட்டத்தட்ட ஓட்டுப் போட்டுவிட்டேன். களிமண், களி இரண்டையும் நினைவூட்டுகிறது, களிப்பும் உள்ளே இருக்கிறது. வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "பிறந்தநாளும் அதுவுமா களி திங்கச் சொல்றியா?" என்றார் மாமனார். சிறைச்சாலை நினைவு அவருக்கு. போகட்டும், பதமும் ஒத்து வரவில்லை. களி என்றால் நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றுவோம். இதை மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, கிழியாமல் இரண்டு கையாலும் தூக்கிப் போர்த்த வேண்டும்.

> சர்க்கரைப் போர்வை.

அழகான சொல். ஆனால் அதே உருண்டையில்தான் பொம்மையும் செய்கிறேன். போர்வையில் செய்த குரங்கு என்று எழுதினால் எப்படி இருக்கும்?

> ஃபாண்டன்ட் என்றே விடலாம். கேக்கை அணிச்சல் என்றா எழுதுகிறீர்கள்?

எழுதவில்லை. கேக் என்பது எல்லாத் தெருவிலும் புகுந்துவிட்ட சொல், பாட்டிக்கும் தெரியும், அதைத் துரத்தும் எண்ணம் எனக்கில்லை. ஃபாண்டன்ட் அப்படிப் புகவில்லை. நான் பார்த்தவரை ஃபாண்டன்ட், பாண்டண்ட், ஃபோன்டன்ட், பான்டென்ட் என்று ஆளுக்கொரு எழுத்து. அதோடு, முன்சொன்ன அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே பெயர். ஒரு செய்முறையில் 'ஃபாண்டன்ட் சேர்க்கவும்' என்று இருந்தால் ஊற்றுவதா, பிசைவதா?

இப்போது என் கட்சி. ஜவ்வு மிட்டாய்க்காரரை நினைத்துப் பாருங்கள். மூங்கில் கழியின் உச்சியில் ஒரு பொம்மை கை தட்டும். கழியில் சுற்றிய இளஞ்சிவப்பு மிட்டாயை இழுத்து, முறுக்கி, நம் மணிக்கட்டில் கடிகாரமாகக் கட்டிவிடுவார். கேட்டால் மயில், தேள். குழந்தை கேட்ட உருவத்தைச் சீனியில் செய்து கொடுக்கும் தொழிலில் அவர் எனக்கு முன்னோடி. அந்தப் பண்டத்துக்கு யாரும் வேர்ச்சொல் தேடவில்லை. இழுத்தால் ஜவ்வாக வந்தது, ஜவ்வு மிட்டாய். பஞ்சாக இருந்தது, பஞ்சு மிட்டாய். கைக்கு எப்படிப்பட்டதோ அதுதான் பெயர். நானும் பாட்டியிடம் வாய்தவறி அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்: பிசைந்த சீனி.

ஆகவே பிசைசீனி. ஊறுகாய், சுடுசோறு, குடிநீர் போல.

இதையொட்டி ஊற்றும் மூத்தவரை வார்சீனி எனலாம். தோசை வார்ப்பது நமக்குப் பழகிய வினைதானே. சி.எம்.சி. கூடுதலாகச் சேர்த்து, பூவிதழ் போல மெல்லியதாகத் தேய்த்தாலும் ஓடாகக் காய்ந்து நிற்குமே, ஆங்கிலத்தில் 'கம் பேஸ்ட்' என்பது, அதை இறுகுசீனி எனலாம்.

சர்க்கரை என்னாமல் சீனி என்றது ஏன்? தெற்கே பல ஊர்களிலும் இலங்கையிலும் சர்க்கரை என்றால் பழுப்பாக இருக்கும். வெள்ளையை மட்டும் குறிக்க சீனியே குழப்பமில்லாதது.

எஞ்சின் காத்திருக்கிறது. அடித்துத் துவையுங்கள்.

அன்புடன்,
திருச்சியிலிருந்து

---

அன்புள்ள மகளுக்கு,

பிசைசீனி வினைத்தொகை. பிசைந்த சீனி, பிசைகின்ற சீனி, பிசையும் சீனி என்று முக்காலத்துக்கும் விரியும். எனவே நடுவில் ஒற்று மிகாது. யாராவது 'பிசைச்சீனி' என்று அச்சடித்துவிடப் போகிறார்கள், சீட்டு அடிக்கும் கடையில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இறுகுசீனியைப் பற்றி ஒரு யோசனை. பிசைவதும் வார்ப்பதும் நாம் செய்வது, இறுகுவது அது தானே செய்வது. ஒரே வரிசையில் உதைக்கிறதே என்று முதலில் நினைத்தேன். ஊறுகாயும் தானே ஊறுவதுதான் என்று தோன்றியதும் விட்டுவிட்டேன்.

சீனிதான் எனக்கு இடிக்கிறது. சீனத்திலிருந்து வந்த பெயர். சர்க்கரையும் வடசொல்தான், மறுக்கவில்லை. 'அயிர்' என்று பழஞ்சொல் ஒன்று உண்டு: நுண்மணலுக்கும் பெயர், கண்டசர்க்கரைக்கும் பெயர். வடமொழியில் சர்க்கராவுக்கும் இந்த இரண்டு பொருளும் இருப்பதைக் கவனியுங்கள். 'பிசையயிர்' எப்படி?

பி.கு. நானே மூன்று முறை உரக்கச் சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் முறை 'பிசை உயிர்' என்று வந்தது. சீனியே இருக்கட்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியன்

---

தங்கச்சி,

டொரோண்டோவிலிருந்து எழுதுகிறேன், பிறந்தது யாழ்ப்பாணம். எங்கட பக்கம் கேக் 'அடிக்கிறது' என்றுதான் சொல்வோம், மேலே போடுவது எதுவாக இருந்தாலும் ஐசிங். வெதுப்பகம் (பேக்கரி), குளிர்களி (ஐஸ்கிரீம்) என்று பெயர்ப்பலகை பார்த்து வளர்ந்த ஆள் நான், புதுச்சொல்லுக்குப் பயமில்லை. ஆனால் வெதுப்பகத்துக்குப் போய் எல்லாரும் பாண்தான் (பிரெட்) கேட்டோம், அதையும் மறக்கக் கூடாது.

பிசைசீனி எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு குறை: முதன்முதலாகக் கேட்கிற ஆளுக்கு, இனிமேல்தான் பிசைய வேண்டிய சீனி, பாக்கெட்டில் விற்பது என்று தோன்றாதா? 'பிசைசீனி போர்த்திய கேக்' என்று எப்போதும் இன்னொரு வினையோடு சேர்த்து எழுதினால் சரிவரும் என்று நினைக்கிறேன்.

அப்புறம், கேக்கின் பொடி உதிராமல் இருக்க முதலில் மெல்லிசாகப் பட்டர் க்ரீம் தடவி குளிரவைப்போமே, அதற்கு 'அடிப்பூச்சு' போதும்தானே? மேல்பரப்பு காய்ந்து சுருக்கம் விழுவதை இங்கேயும் யானைத்தோல் என்றுதான் ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். அதற்கு மட்டும் யாரும் புதுச்சொல் கண்டுபிடிக்க வேண்டாம்.

---

அக்கா, ஐயா, இருவருக்கும் நன்றி.

அடிப்பூச்சு, யானைத்தோல் இரண்டையும் எடுத்துக்கொண்டேன். ஒற்றுப் பிழை ஐயா பயந்தபடியே வந்தது, முதல் ஐம்பது சீட்டு வீண்.

சொல்லை நேற்று வெளியே விட்டுப் பார்த்தேன். ரயில் கேக் வாங்க வந்த அம்மாவிடம் "மேலே பிசைசீனி போர்த்தியிருக்கு" என்றேன். அவர் இயல்பாகத் தலையாட்டினார். பக்கத்தில் நின்ற பையன்தான், "பிசாசு சீனியா?" என்றான். இல்லை என்று விளக்கப் போனேன். அதற்குள் அடுத்த வருஷத்துக்குப் பிசாசு கேக் வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டான். ஆக, இந்தச் சொல்லால் ஒரு ஆர்டர் வந்திருக்கிறது.

அக்கா சொன்னபடி 'போர்த்திய' சேர்த்துச் சீட்டைத் திருத்தியிருக்கிறேன். பிழை இருந்தால் இன்று இரவுக்குள் சொல்லுங்கள், நாளை அச்சுக்குப் போகிறது.

> இது பிசைசீனி போர்த்திய கேக். மேலே இருப்பது பிளாஸ்டிக் அல்ல, சீனி. உரிக்க வேண்டாம், அப்படியே வெட்டிச் சாப்பிடலாம். இனிப்பு அதிகம் என்று தோன்றினால் ஓரமாக எடுத்துவைக்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டோம்.
>
> வெயில் படாத, குளிர்ச்சியான அறையில் பெட்டியோடு வைக்கவும். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் மேற்பரப்பு வியர்க்கும். விரலால் தொடாமல், துடைக்காமல் மின்விசிறிக்கு அடியில் வைத்தால் காய்ந்துவிடும்.
>
> பொம்மைகள் இறுகுசீனி. தின்னலாம், ஆனால் கடினமாக இருக்கும். சில பொம்மைகளுக்குள் மரக்குச்சி இருக்கும். உருவி எடுத்த பிறகே குழந்தை கையில் கொடுக்கவும்.
>
> சைவக் கேக்கில் ஜெலட்டின் சேர்க்கவில்லை.