ஆரல் கடல் ஒரே நாளில் முடியுமா? அவசரம்

செந்தில்79 (செவ்வாய், மாலை 6.12)
வணக்கம். வியாழக்கிழமை ஒரு நாள் கையில் இருக்கிறது. ஆரல் கடலையும் மணலில் நிற்கும் அந்தத் துருப்பிடித்த கப்பல்களையும் பார்த்துவிட்டு வர வேண்டும். டாக்சிக்காரர் சொல்லும் காசைக் கேட்டால் தலை சுற்றுகிறது. கொடுக்கலாமா? ரயில் ஏதாவது உண்டா? அவர் இன்றைக்கே பதில் கேட்கிறார். சீக்கிரம் சொல்லுங்கள்.

வரைபடப்பித்தன் (6.20)
எங்கிருந்து கிளம்புகிறீர்கள்? உஸ்பெகிஸ்தானில் தாஷ்கண்டா, நுகுஸா, கிவாவா? ஆரல் கடல் கசக்ஸ்தானிலும் இருக்கிறது. நீங்கள் எந்த நாட்டில் நிற்கிறீர்கள் என்பதே தெரியவில்லை.

சக்கரக்கால் (6.24)
எவ்வளவு கேட்கிறார்? எத்தனை பேர்? போக மட்டுமா, போய் வரவா?

பழைய_பயணி (6.31)
மாதத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். பழைய இழைகளைப் புரட்டிப் பார்க்கும் வழக்கமே போய்விட்டது. தம்பி, கப்பல் இருக்கும் இடமும் கடல் இருக்கும் இடமும் ஒன்றல்ல. கப்பல்கள் நிற்பது மொய்நாக்கில். அங்கிருந்து தண்ணீர் 100 கிலோமீட்டருக்கும் அப்பால் போய்விட்டது. எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள், அப்புறம் டாக்சியைப் பேசலாம்.

செந்தில்79 (6.50)
அப்படியா? படங்களில் கப்பலும் கடலும் பக்கத்தில் இருப்பது போலத்தானே தெரிந்தது. நாங்கள் இருப்பது கிவா.

வரைபடப்பித்தன் (6.58)
சரி, கிவா. இப்போது கணக்குப் போடலாம். கிவாவிலிருந்து நுகுஸ் மூன்று மணி நேரம். நுகுஸிலிருந்து மொய்நாக் 200 கிலோமீட்டர், அதுவும் ஏறக்குறைய மூன்று மணி நேரம். போக ஆறு, வர ஆறு. தண்ணீரையே பார்க்க வேண்டும் என்றால் அதற்கு மேல் உஸ்த்யூர்த் பீடபூமி வழியாக நாலு சக்கர வண்டியில் போய், இரவு கூடாரத்தில் தங்கி, மறுநாள் திரும்ப வேண்டும். அது இரண்டு நாள் வேலை. ரயில் நுகுஸ் வரை உண்டு. மொய்நாக்குக்குக் கிடையாது.

உங்கள் டாக்சிக்காரர் சொன்ன காசு எந்த இடத்துக்கு? கேட்டீர்களா?

ஒத்தையடிப்பாதை (7.05)
என்னைக் கேட்டால் கப்பலே வேண்டாம். நுகுஸில் சாவித்ஸ்கி அருங்காட்சியகம் இருக்கிறது, அதற்கு ஒரு நாள் கொடுங்கள். இகோர் சாவித்ஸ்கி 1950இல் அகழாய்வுக் குழுவோடு ஓவியராக வந்தவர். அப்படியே அங்கே தங்கிவிட்டார். சோவியத் அரசு ஏற்காததால் மாஸ்கோவில் வெளியே காட்டவே முடியாத ஓவியங்களை, வரைந்தவர்களின் விதவைகளிடமும் பிள்ளைகளிடமும் கடன் சொல்லி வாங்கி இந்தப் பாலைவன ஊரில் சேர்த்து வைத்தார். 1966இல் திறந்தார். யாரும் எட்டிப் பார்க்காத ஊர் என்பதுதான் அந்தப் படங்களைக் காப்பாற்றியது. ரஷ்ய அவான்கார்ட், அதாவது இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் புதுமைப் பாணி ஓவியங்களில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு அடுத்த பெரிய தொகுப்பு இங்கேதான் என்பார்கள். லிசென்கோ வரைந்த காளை ஒன்று இருக்கிறது. அதன் கண்களை நான் இன்னும் மறக்கவில்லை.

சக்கரக்கால் (7.11)
கப்பல் பார்க்க வந்தவரைப் படம் பார்க்கச் சொன்னால் எப்படி? செந்தில், விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்புங்கள். ஒன்பதுக்கு மொய்நாக். ஒன்றரை மணி நேரம் போதும், அங்கே அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மாலை ஐந்துக்குள் கிவா. நான் இப்படித்தான் போய் வந்தேன். முடியும்.

பழைய_பயணி (7.16)
முடியும், முடியும். பன்னிரண்டு மணி நேரம் டாக்சிக்குள் உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் சுற்றுலாவா?

உர்கெஞ்ச்_மாணவி (7.40)
செந்தில் அண்ணா, நான் கிவாவுக்குப் பக்கத்து உர்கெஞ்சில் மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இரண்டு விஷயம். ஒன்று, இப்போது நவம்பர். இங்கே காலை எட்டு மணிக்குத்தான் சூரியன் வரும், மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். மூன்று மணிக்குக் கிளம்பினால் ஐந்து மணி நேரம் இருட்டில்தான் போவீர்கள், சாலையும் எல்லா இடத்திலும் நன்றாக இருக்காது. இரண்டு, டாக்சிகள் பெரும்பாலும் மெத்தேன் எரிவாயுவில் ஓடுகின்றன. குளிர் வந்தால் நிரப்பும் நிலையத்தில் வரிசை நீளும். நிரப்பும்போது பயணிகள் எல்லோரும் வெளியே இறங்கி நிற்க வேண்டும். அந்த நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

எத்தனை பேர் போகிறீர்கள்? திரும்பி எந்த ஊருக்குப் போக வேண்டும்?

செந்தில்79 (8.02)
நானும் அம்மாவும். அம்மாவுக்கு 64 வயது, முழங்கால் வலி உண்டு. வியாழன் இரவு 8 மணிக்கு உர்கெஞ்சிலிருந்து தாஷ்கண்ட் விமானம், டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

வரைபடப்பித்தன் (8.04)
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே ஐயா!

சக்கரக்கால் (8.09)
நான் போனது ஜூன் மாதம், தனி ஆளாக. என் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன்.

பழைய_பயணி (8.15)
முழங்கால் வலி உள்ள தாயாரையும் கூட்டிக்கொண்டு, இரவு விமானத்தையும் வைத்துக்கொண்டு, 700 கிலோமீட்டர். இதற்குத்தான் முதலில் படித்துவிட்டு வாருங்கள் என்கிறேன்.

மஞ்சள்பை (8.22)
குறுக்கே ஒரு சந்தேகம். நுகுஸும் மொய்நாக்கும் இருக்கும் கரகல்பாக்ஸ்தான் தனி நாடு மாதிரி என்கிறார்களே, அதற்குத் தனி விசா வேண்டாமா? அங்கே கலவரம் என்றும் படித்தேன். அப்புறம், ஆரல் கடல் மறுபடி நிரம்பிவிட்டது என்று ஒரு காணொளியில் காட்டினார்கள். மீன் பிடிக்கிறார்கள். நீங்கள் எல்லாரும் தண்ணீரே இல்லை என்கிறீர்கள்.

வரைபடப்பித்தன் (8.35)
தனி விசா வேண்டாம். உஸ்பெகிஸ்தானுக்குள் இருக்கும் தன்னாட்சிக் குடியரசு அது. நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். தனிக் கொடி, தனி மொழி. அந்த மொழி உஸ்பெக்கைவிட கசக் மொழிக்குத்தான் நெருக்கம். நீங்கள் சொல்லும் கலவரம் 2022 ஜூலையில் நடந்தது. பிரிந்து போகும் உரிமையை அரசியல் சட்டத்திலிருந்து எடுக்கப் பார்த்தார்கள், நுகுஸில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள், உயிர்கள் போயின. திருத்தத்தைக் கைவிட்டார்கள்.

கடலுக்கு வருவோம். நீங்கள் பார்த்தது வட ஆரலாக இருக்கும், அது கசக்ஸ்தானில். 2005இல் கோக்அரால் அணையைக் கட்டி சிர் தரியா ஆற்றுத் தண்ணீரைத் தேக்கினார்கள். அங்கே மீன் திரும்பியது உண்மைதான். உஸ்பெக் பக்கத் தென் ஆரலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1987 வாக்கிலேயே இரண்டும் பிரிந்துவிட்டன.

நீரோட்டம் (8.47)
எல்லாம் சோவியத் பருத்தி ஆசை. 1960 வரை உலகின் நாலாவது பெரிய ஏரி அது. அதில் விழும் அமு தரியா, சிர் தரியா இரண்டு ஆறுகளையும் பருத்தி வயலுக்குத் திருப்பிவிட்டார்கள், ஏரி காய்ந்தது. மொய்நாக்கில் மீன் டப்பா ஆலை இருந்தது. கடல் போன பிறகும் அதை மூட மனமில்லாமல் எங்கெங்கோ கடல்களிலிருந்து உறைந்த மீனை ரயிலேற்றிக் கொண்டுவந்து ஓட்டினார்கள். பைத்தியக்காரத்தனம்.

சக்கரக்கால் (8.53)
சோவியத்தை மட்டும் திட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது. 1991க்கு அப்புறம் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. பருத்தி நின்றதா? துர்க்மெனிஸ்தானின் கரகும் கால்வாய் இன்னும் அமு தரியாவிலிருந்துதான் எடுக்கிறது. எடுத்ததில் கணிசமான பங்கு மணலுக்குள் இறங்குகிறது.

நீரோட்டம் (8.58)
அந்தக் கால்வாயை வெட்டியது யார்? 1954இல் ஆரம்பித்தது யார்?

சக்கரக்கால் (9.01)
வெட்டியவன் போய்விட்டான். பூசி அடைக்காமல் வைத்திருப்பவன் யார்? இப்போது ஆப்கானிஸ்தானும் 2022இல் தன் பங்குக்கு கோஷ் தெபா கால்வாயைத் தோண்ட ஆரம்பித்துவிட்டது. அதற்கும் மாஸ்கோதான் காரணமா?

நீரோட்டம் (9.04)
தண்ணீர் கேட்கும் உரிமை அவர்களுக்கும் உண்டு. ஆறு அவர்கள் எல்லையிலும் ஓடுகிறது.

பழைய_பயணி (9.10)
ஒரு திருத்தம். அது ஏரி, கடல் அல்ல. இந்த அடிப்படை தெரியாமல்தான் இவ்வளவு விவாதம்.

மஞ்சள்பை (9.12)
பெயரே ஆரல் கடல்தானே சார்.

ஒத்தையடிப்பாதை (9.15)
இழை ஓடும் பாதையைப் பார்த்தால் அமு தரியாவே மேல். அது ஒரு காலத்தில் கடலையாவது எட்டியது. செந்தில் இருக்கிறாரா?

உர்கெஞ்ச்_மாணவி (9.30)
செந்தில் அண்ணா, அம்மாவோடு போவதால் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டியது கரகல்பாக்ஸ்தானில் ஒரு நாள் என்றால், அதற்கு நுகுஸ் வரை போக வேண்டியதில்லை. உர்கெஞ்சைத் தாண்டி அமு தரியா பாலத்தில் ஏறி அக்கரை இறங்கினால் பெருனி மாவட்டம், அதுவே கரகல்பாக்ஸ்தான்தான். அங்கிருந்து எல்லிக்கலா. பெயருக்கு ஐம்பது கோட்டை என்று பொருள். குவாரஸ்ம் என்ற பழைய நாட்டின் மண் கோட்டைகள். 1937இலிருந்து தல்ஸ்தோவ் என்பவர் தலைமையில் சோவியத் அகழாய்வு நடந்த பகுதி. ஒத்தையடிப்பாதை சொன்ன சாவித்ஸ்கி வந்து சேர்ந்ததும் அந்தக் குழுவில்தான்.

தோப்ராக் கலா பெரியது, அரண்மனை அறைகளின் சுவர்கள் நிற்கின்றன. ஏற்றம் அதிகமில்லை. பக்கத்திலேயே கிசில் கலா, வண்டியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். அயாஸ் கலா மட்டும் குன்றின் மேல், மணலில் கால் புதையும். அம்மா கீழே இருக்கட்டும், நீங்கள் மட்டும் ஏறுங்கள். மேலே நின்றால் கிசில்கும் பாலைவனம் கண்ணுக்கெட்டிய வரை தெரியும். காலை ஒன்பதுக்கு வெளிச்சத்தில் கிளம்பினாலும் மாலை நான்குக்குள் உர்கெஞ்ச் வந்துவிடலாம். கோட்டைகளுக்குப் பக்கத்தில் கடை கிடையாது. தண்ணீர், ரொட்டி, பழம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியை வண்டியின் பின்னால் வைக்க முடியுமா என்று முன்பே கேளுங்கள். எரிவாயு உருளைதான் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

சக்கரக்கால் (9.44)
இது நல்ல யோசனை. கப்பலை விட மனமில்லை என்றால் இன்னொரு வழி: நாளை மாலையே பெட்டியோடு நுகுஸ் போய்த் தங்கி, வியாழன் காலை மொய்நாக், அன்று இரவு நுகுஸிலிருந்தே தாஷ்கண்ட். விமானமும் உண்டு, ரயிலும் உண்டு. உர்கெஞ்ச் டிக்கெட்டை மாற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பழைய_பயணி (9.50)
நுகுஸ் சாலையில் போனால் சில்பிக்கையும் பார்க்கலாம், வட்டமான அமைதிக் கோபுரம். ஜொராஸ்திரிய (பார்சி) மத மரபில் சடலங்களைத் திறந்த வெளியில் வைத்த இடம். கோட்டை யோசனையைப் போன வருடமே நான் இங்கே எழுதியிருக்கிறேன்.

உர்கெஞ்ச்_மாணவி (9.53)
படித்தேன் சார். அதைப் பார்த்துத்தான் நானே முதல் தடவை போனேன்.

செந்தில்79 (சனி, காலை 11.26)
தாஷ்கண்டிலிருந்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி. டாக்சிக்காரரிடம் கேட்டதில் அவர் சொன்ன காசு தண்ணீர் வரை போய்த் தங்கி வர, இரண்டு நாளுக்கு. நான்தான் சரியாகக் கேட்கவில்லை. கோட்டைகளுக்கே போனோம். மெத்தேன் வரிசையில் 50 நிமிடம் குளிரில் நின்றோம். அயாஸ் கலாவில் கீழே இருங்கள் என்று சொல்லியும் அம்மா எனக்கு முன்னால் ஏறிவிட்டார். கப்பல் பார்க்கவில்லை என்ற குறை எனக்கு மட்டும்தான்.

சக்கரக்கால் (11.40)
மகிழ்ச்சி. கோட்டைகளுக்கு டாக்சி எவ்வளவு ஆயிற்று? அடுத்து போகிறவர்களுக்கு உதவும்.

மஞ்சள்பை (ஞாயிறு, மாலை 4.05)
ஆமாம், எவ்வளவு ஆயிற்று? நானும் போகலாம் என்று இருக்கிறேன்.

வரைபடப்பித்தன் (ஞாயிறு, மாலை 4.31)
மஞ்சள்பை, எந்த ஊரிலிருந்து, எந்த மாதம், எத்தனை பேர் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.