பின்னணியில் கணக்கு ஓட விட்டால் கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

கேள்வி

வணக்கம். வீட்டு டெஸ்க்டாப்பில் பாயிங்க் (வீட்டுக் கம்ப்யூட்டரை ஆராய்ச்சிக் கணக்குகளுக்குக் கொடுக்க உதவும் மென்பொருள்) போட்டு, ஐன்ஸ்டைன் அட் ஹோம் என்ற வானியல் திட்டத்தின் வேலைகளை ராத்திரி பகலாக ஓட விட்டிருக்கிறேன். பிராசசர், கிராஃபிக்ஸ் கார்டு இரண்டும் அதற்கே உழைக்கின்றன. இந்த முறை கரண்ட் பில் நன்றாகவே ஏறிவிட்டது. வீட்டில் எல்லார் கண்ணும் கம்ப்யூட்டர் மேல்தான்.

பவர் சப்ளையில் 650 வாட்ஸ் என்று ஒட்டியிருக்கிறது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 15.6 யூனிட் வருகிறது. ஆனால் பில் அந்த அளவுக்குக் கூடவில்லை. உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? பிளக்கில் செருகிப் பார்க்கும் மீட்டர் என்னிடம் இல்லை.

நிறுத்திவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள். 2010-இல் இந்தத் திட்டம் தன் முதல் பல்சரை (வேகமாகச் சுழலும் ஒருவகை நட்சத்திரம்) கண்டுபிடித்தது நம்மைப் போன்றவர்களின் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் ஓடிய கணக்குகளால்தான். அதில் எனக்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்று ஆசை.

பதில் 1

650 என்பது அந்தப் பெட்டி அதிகபட்சம் கொடுக்கக்கூடிய அளவு. உள்ளே இருக்கும் பாகங்கள் எவ்வளவு கேட்கின்றனவோ அவ்வளவுதான் இழுக்கும். மென்பொருள் காட்டும் வாட்ஸையும் அப்படியே நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் சிப் சாப்பிடுவதை மட்டும்தான் சொல்லும். மதர்போர்டு, ஃபேன், பவர் சப்ளையில் வீணாகும் பங்கு எதுவும் அதில் வராது.

வீட்டு மீட்டரே போதும். டிஜிட்டல் மீட்டர் என்றால் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று அச்சிட்டிருப்பார்கள், 3200 என்பதுபோல. ஃபிரிட்ஜ், மோட்டார், விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கம்ப்யூட்டர் மட்டும் ஓடும்போது ஐந்து நிமிடம் எண்ணுங்கள். 3200 மீட்டரில், எண்ணியதை 3.75-ஆல் பெருக்கினால் வாட்ஸ். சும்மா இருக்கும்போது ஒரு தடவை, பிராசசர் வேலை மட்டும் ஓடும்போது ஒரு தடவை, இரண்டும் ஓடும்போது ஒரு தடவை.

கேட்டவர்

மிக்க நன்றி! என் மீட்டரும் 3200-தான். செல்போனில் விளக்கை வீடியோ எடுத்து நிதானமாக எண்ணினேன். சும்மா இருக்கும்போது 16, பிராசசர் மட்டும் 40, இரண்டும் சேர்ந்து 92. அதாவது 60, 150, 345 வாட்ஸ்.

பதில் 2

அப்படியென்றால் ஒரு நாளைக்கு 8.28 யூனிட், முப்பது நாளுக்கு 248 யூனிட் சொச்சம். ஆனால் முழுவதையும் பாயிங்க் தலையில் கட்டக் கூடாது. நீங்கள் எப்படியும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு, 345-இல் 60 போக மீதி 285-தான் அதன் செலவு. ராத்திரி கதை வேறு. பாயிங்க் இல்லாவிட்டால் அணைத்துவிட்டுத் தூங்கப் போயிருப்பீர்கள் என்றால், அந்த 60-ம் அதன் கணக்கில்தான் சேரும்.

இப்போது குறைப்பதைப் பார்ப்போம். சிப்பின் வேகத்தைக் கடைசி எல்லைக்குத் தள்ள வோல்டேஜும் ஏற வேண்டும், வோல்டேஜ் ஏறினால் மின்செலவு அதன் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அதனால் உச்சியில் கிடைக்கும் கொஞ்ச வேகத்துக்கு ஏகப்பட்ட கரண்ட் போகிறது. அந்த உச்சியை வெட்டிவிடுங்கள். விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் பிராசசரின் அதிகபட்ச நிலையை 100-இலிருந்து 99 ஆக்கினால் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் டர்போ, அதாவது வழக்கமான வேகத்துக்கு மேல் தானாக ஏறுவது, நின்றுவிடும். கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளைப் போட்டு பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்குங்கள். ஒரே ஒரு வேலை முடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று முன்னும் பின்னும் குறித்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் வாட்ஸை மட்டும் பார்ப்பதில் பயனில்லை.

பதில் 3

பாயிங்க்கில் சிபியு (பிராசசர்) நேரம் இத்தனை சதவீதம் என்று ஒரு அமைப்பு இருக்கும். பலரும் முதலில் அதைத்தான் 50 ஆக்குவார்கள். அது பிராசசரை மெதுவாக்காது. கொஞ்ச நேரம் முழு வேகம், கொஞ்ச நேரம் நிறுத்தம் என்று மாற்றி மாற்றி ஓட்டும். ஓடும்போதெல்லாம் அதே உச்ச வோல்டேஜ்தான், ஃபேனும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதை 100-லேயே விட்டுவிட்டு, பிராசசருக்குள் இருக்கும் கோர்களில் (தனித்தனிக் கணக்குப் பகுதிகள்) எத்தனையைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணைக் குறையுங்கள்.

அப்புறம் இன்னொன்று. கம்ப்யூட்டர் இழுக்கும் கரண்ட் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. ஏசி ஓடும் அறை என்றால் அந்தச் சூட்டை வெளியேற்ற ஏசி இன்னும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சேர்த்து இழுக்கும். உங்கள் 345 அங்கே 460-க்குப் பக்கம் போய்விடும். குளிர்காலத்தில் ஹீட்டர் போடும் வீட்டில் அதே சூடு பயன்படவும் செய்யும்.

யூனிட் கூடக் கூட விலையும் ஏறும் கட்டண முறை என்றால் சராசரி விலையால் பெருக்காதீர்கள். பாயிங்க் யூனிட்கள் மற்ற உபயோகத்துக்கு மேல் வந்து விழுபவை, எனவே கடைசிப் படியின் விலைதான் அவற்றுக்கு. பில் திடீரென்று பெரிதாகத் தெரிவதற்கு இது முக்கியமான காரணம்.

கேட்டவர்

ஏசி இல்லாத அறைதான். ஆனால் கடைசிப் படி விஷயம் அப்படியே பொருந்துகிறது, இந்த முறை அடுத்த படிக்குள் போயிருக்கிறேன்.

டர்போ, பவர் லிமிட் என்று சொன்ன இரண்டு மாற்றத்தையும் செய்துவிட்டு எண்ணினேன். 92 மின்னல் இப்போது 64. அதாவது 240 வாட்ஸ். முன்பு ஒரு மணி நேரத்தில் முடிந்த கிராஃபிக்ஸ் கார்டு வேலை இப்போது ஒரு மணி பத்து நிமிடம் எடுக்கிறது. ஒரு வேலைக்கு 345 வாட்-மணி ஆனது 280-க்கு வந்திருக்கிறது. ஃபேன் சத்தமும் அடங்கிவிட்டது.

கடைசியாக ஒரு சந்தேகம். ராத்திரி நிறுத்திவிட்டுப் பகலில் மட்டும் ஓட்டினால், பாதியில் நிற்கும் வேலைகள் வீணாகிவிடுமா?

பதில் 2

அருமை, மாதம் 75 யூனிட் மிச்சம்.

வீணாகாது. பெரும்பாலான வேலைகள் அவ்வப்போது டிஸ்க்கில் தங்கள் நிலையைச் சேமித்து வைக்கும். மறுபடி திறந்தால் அங்கிருந்தே தொடரும், கடைசிச் சேமிப்புக்குப் பிறகு ஓடியது மட்டும்தான் போகும். பாயிங்க் அமைப்புகளில் தினசரி நேரம் குறிக்க இடம் இருக்கிறது, எப்போதிலிருந்து எப்போது வரை என்று கொடுத்துவிடுங்கள். கூடவே முன்கூட்டி இறக்கி வைக்கும் வேலைகளின் அளவையும் குறைத்துவிடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் கெடு தேதி உண்டு. பாதி நேரமே ஓடும் கம்ப்யூட்டரில் நிறைய இறக்கி வைத்தால் கெடு தாண்டிவிடும், அதே வேலையைத் திட்டம் வேறொருவருக்கு அனுப்பிவிடும்.