சாலையில் அடிபட்டுக் கிடக்கும் விலங்குகள்: சைக்கிள்காரர்கள் என்ன செய்யணும்?

விடியல்மிதி:
விடிகாலையில் ஓட்டினால் பாம்பு, முள்ளம்பன்றி, பறவை என்று ஏதாவது நசுங்கிக் கிடக்கிறது. மேலே ஏறினால் வழுக்குமா? தெறித்தது தண்ணீர் பாட்டிலில் பட்டால்? ஓரமாக இழுத்துப் போடலாமா?

முன்சக்கரம்:
காய்ந்து அப்பளமாகக் கிடப்பது ஒன்றும் செய்யாது. குடலும் கொழுப்பும் வெளியே வந்த புதுசுதான் வழுக்கும், மழை பெய்திருந்தால் கேட்கவே வேண்டாம். விலக நேரமில்லையா, பிரேக்கை விடுங்கள், ஹேண்டிலைத் திருப்பாதீர்கள். பெடல் இரண்டையும் சம மட்டத்தில் நிறுத்தி, சீட்டிலிருந்து லேசாக எழும்பி நேராகக் கடந்துவிடுங்கள். பின்னால் என்ன வருகிறது என்று பார்க்காமல் சடாரென ஒதுங்குவதுதான் ஆளைக் கொல்லும்.

காக்கையோ பருந்தோ தின்றுகொண்டிருந்தால் தூரத்திலேயே மணியடியுங்கள். வயிறு முட்டத் தின்ற பறவை மெதுவாகத்தான் எழும்பும், அதுவும் சிலசமயம் நம் முகத்துக்கு நேரே. முள்ளம்பன்றி என்றால் நன்றாகத் தள்ளிப் போங்கள். சிதறிய முள் டயரில் ஏறும்.

பஞ்சர்பெட்டி:
முன்பக்கம் மட்கார்டு இல்லாத வண்டியில் தெறிப்பதெல்லாம் பாட்டில் வாய்க்குத்தான் போகும். மூடி போட்ட பாட்டில் வாங்குங்க. பட்டுட்டா சோப்புப் போட்டுக் கழுவாம வாய் வைக்காதீங்க.

டிஸ்க் பிரேக்கையும் பாருங்க. ரோட்டர்ல, அதாவது சக்கரத்தோட சுத்துற தட்டுல, கொழுப்பு பட்டா கிறீச்சுன்னு கத்தும், பிடிப்பு குறையும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைச்ச சுத்தமான துணியால துடைங்க. அந்தத் தட்டை அழுத்திப் பிடிக்கிற பேட்ல ஊறியிருந்தா மாத்திடறதே மேல்.

ஈரநிலம்:
இழுத்துப் போடலாம், வெறுங்கையால் கூடாது. வளைவில் நிற்காதீர்கள். சாலை விளிம்போடு விட்டால் பயனில்லை, அதைத் தின்ன வரும் நரியும் அங்கேயே அடிபடும். சில மீட்டராவது உள்ளே தள்ளுங்கள். மான் அளவு பெரியது என்றால் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

பாம்பின் பக்கமே போகாதீர்கள். துண்டான தலைகூட ஒரு மணி நேரம் கழித்தும் அனிச்சையாகக் கடித்து விஷம் ஏற்றும். பாலூட்டியின் எச்சில் காயத்தில் பட்டால் ரேபிஸ் பயம் உண்டு: சோப்பும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் போங்கள். பல பறவைகள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தால் பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

பார்த்த உயிரினங்களைப் படத்தோடு பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதிவதானால் தலை, முதுகு இரண்டும் தெரியப் படமெடுங்கள். அளவு தெரிய டயர் லீவரை (டயர் கழற்றும் நெம்புகோல்) பக்கத்தில் வைக்கலாம், உடலில் படாமல்.

விடியல்மிதி:
கையுறை இல்லாவிட்டால்?

பஞ்சர்பெட்டி:
சீட் பைக்குள்ள ரெண்டு பிளாஸ்டிக் பை மடிச்சு வெச்சுக்கோங்க. கையில மாட்டித் தூக்கிட்டு, உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி உருவி முடிச்சுப் போடுங்க. குச்சி கிடைச்சா அதுவே போதும்.