ஓய்வுக்கால விசா: தம்பதியாகப் போகும்போது இரண்டாவது பைலில் சிக்குவது என்ன?

'ரெண்டு பேருமா போறோம்' என்று நாம் சொல்லலாம், குடிவரவு அலுவலகம் அப்படிப் பார்ப்பதில்லை. ஒருவர் முதன்மை விண்ணப்பதாரர், மற்றவர் அவரைச் சார்ந்தவர். இரண்டு பாஸ்போர்ட், இரண்டு படிவம், இரண்டு கட்டணம். யாரை முதன்மையாக வைப்பது என்பதை வயதை வைத்தோ, வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்பதை வைத்தோ முடிவு செய்யாதீர்கள். யார் பெயரில் மாதாமாதம் வருமானம் வருகிறதோ அவர்தான் முதன்மை.

பனாமாவின் பென்ஷனாடோ விசாவுக்கு மாதம் 1,000 டாலர் ஓய்வூதியம் வேண்டும், துணைக்கு இன்னும் 250. சேமிப்பு எத்தனை இருந்தாலும் அந்த இடத்தை அது நிரப்பாது. பென்ஷன் கடிதத்தில் 'வாழ்நாள் முழுவதும்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தொகையை மட்டும் போட்ட கடிதம் திரும்பி வரும். கோஸ்டாரிக்காவில் 1,000 டாலர் பென்ஷன் ஒன்றே இருவருக்கும் போதும். மலேசியாவின் எம்எம்2எச் ('மலேசியா மை செகண்ட் ஹோம்' என்ற நீண்டகால வசிப்புத் திட்டம்) வேறு ரகம்: 2024 விதிப்படி சில்வர் பிரிவுக்கு 1,50,000 டாலர் வைப்பு, அதற்கு மேல் வீடு வாங்கும் கட்டாயம். பென்ஷனை மட்டும் நம்பி இருப்பவர்களுக்கு அது ஒத்துவராது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஓய்வுக்கால விசா என்று ஒன்று கிடையாது. 'இருக்கு, வாங்கித் தர்றேன்' என்று சொல்லும் முகவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

* * *

அடுத்தது தாய்லாந்து. அங்கே சிக்குவது தொகையில் அல்ல, தேதியில்.

வயது 50 ஆகியிருக்க வேண்டும். தாய்லாந்து வங்கியில் 8,00,000 பாட், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம். வங்கி வழியில் போனால் விண்ணப்பிக்கும் நாளுக்கு 2 மாதம் முன்பே முழுத் தொகையும் கணக்கில் இருக்க வேண்டும், தங்கும் காலத்துக்கான நீட்டிப்பு கிடைத்த பிறகும் 3 மாதம் தொடக் கூடாது. அதன் பின் 4,00,000-க்குக் கீழே ஒரு நாள்கூட இறங்கக் கூடாது. பலர் கோட்டை விடுவது இந்தக் கடைசி விதியில்தான். மருத்துவச் செலவுக்கு எடுத்துவிட்டு அடுத்த வாரமே திருப்பிப் போட்டாலும் பாஸ்புக்கில் அந்த இறக்கம் பதிவாகியிருக்கும், அடுத்த ஆண்டு கவுண்டரில் கேள்வி வரும். கணக்கு விண்ணப்பதாரர் ஒருவர் பெயரில் மட்டும் இருப்பதே நல்லது. கூட்டுக் கணக்கு என்றால் தகராறுதான். போகும் நாள் காலையில் பாஸ்புக்கில் பதிவு போட்டு, வங்கிக் கடிதத்தையும் அன்றே வாங்கிக்கொண்டு போங்கள்.

துணைக்குத் தனியாகப் பணம் காட்ட வேண்டாம், 50 வயது ஆகியிருக்கவும் வேண்டாம். திருமணச் சான்றிதழ் போதும். ஆனால் 90 நாளுக்கு ஒருமுறை எங்கே தங்கியிருக்கிறோம் என்று தெரிவிக்கும் அறிக்கையை இருவரும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். வெளியே போய்த் திரும்புவதற்கான மறுநுழைவு அனுமதியும் அப்படித்தான்: ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. கணவர் தனக்கு வாங்கிவிட்டு 'அவங்களுக்கும் சேர்த்துத்தானே' என்று கிளம்பினால், விமானம் ஏறும்போதே மனைவியின் நீட்டிப்பு ரத்தாகிவிடும். பிறகு முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும்.

* * *

ஐரோப்பா யோசிப்பவர்களுக்கு. ஸ்பெயினின் வேலை செய்யாத வசிப்பு விசாவுக்கு ஐப்ரெம் என்ற குறியீட்டுத் தொகைதான் அடிப்படை. 2025-இல் அது மாதம் 600 யூரோ. முதன்மை விண்ணப்பதாரருக்கு அதைப்போல் 4 மடங்கு, துணைக்கு 1 மடங்கு. ஆக தம்பதிக்கு மாதம் 3,000, ஆண்டுக்கு 36,000 யூரோ. பென்ஷன் போன்ற நிலையான வருமானத்தில் வாழ்பவர்களுக்கான போர்ச்சுகலின் டி7 விசாவுக்கு அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியம்தான் அளவு: 2025-இல் 870 யூரோ, துணைக்கு அதில் பாதியான 435, இரண்டும் சேர்ந்து 1,305. வித்தியாசம் நீங்களே பாருங்கள். டி7-க்கு வாடகை ஒப்பந்தம் போடும்போது இருவர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். ஒருவர் பெயர் விட்டுப்போனால், அவர் எங்கே தங்கப் போகிறார் என்ற கேள்விக்குத் தனியாக ஒரு தாள் தேட வேண்டியிருக்கும்.

ஸ்பெயினுக்கு இரண்டு இடங்களில் தடுக்கும். ஒன்று காப்பீடு: பயணக் காப்பீடு செல்லாது, சிகிச்சையின்போது நாமும் ஒரு பங்கு கட்டும் பாலிசி செல்லாது, காத்திருப்புக் காலம் உள்ளதும் செல்லாது. இன்னொன்று மருத்துவச் சான்று. 'நல்ல உடல்நலத்துடன் இருக்கிறார்' என்று மருத்துவர் எழுதிக் கொடுப்பது போதாது. 2005-ஆம் ஆண்டு சர்வதேச சுகாதார ஒழுங்குமுறைகளின்படி பொதுச் சுகாதாரத்தைப் பாதிக்கும் நோய் எதுவும் இல்லை என்ற வாசகமே வேண்டும். தூதரகம் தரும் மாதிரியை அச்செடுத்து மருத்துவரிடம் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

* * *

அடுத்து, அப்போஸ்டில் வாங்கும் வரிசை. ஆவணம் உண்மையானதுதான் என்று வெளிநாட்டுக்காக அரசு தரும் சான்றுதான் அப்போஸ்டில். முதலில் புதிய சான்றிதழ், அடுத்து அதன் மேல் அப்போஸ்டில், கடைசியில் மொழிபெயர்ப்பு. அவசரப்பட்டு மொழிபெயர்ப்பை முதலில் முடித்தால் அப்போஸ்டில் தாள் மொழிபெயர்க்கப்படாமல் நிற்கும், அதே வேலைக்கு மறுபடி காசு. எந்த நாடு சான்றிதழ் கொடுத்ததோ அந்த நாடுதான் அதற்கு அப்போஸ்டில் தர முடியும், வசிக்கும் நாட்டில் கிடைக்காது. வேறொரு நாட்டில் திருமணம் பதிந்தவர்கள் இதற்கென்று தனியாகச் சில வாரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

காவல்துறைச் சான்று பல இடங்களில் 3 முதல் 6 மாதம்தான் செல்லும். ஆகவே அதைக் கடைசியாக எடுங்கள். திருமணச் சான்றிதழ் பழையதாக இருந்தால் புதிய பிரதி கேட்பார்கள். 'கல்யாணம் ஆன தேதி மாறிடுமா?' என்று கவுண்டரில் வாதாடிப் பயனில்லை, திருமணம் இன்றும் நடப்பில் இருக்கிறதா என்பதே அவர்கள் கேள்வி. திருமணத்துக்குப் பின் பெயர் மாறியிருந்தாலோ, ஓர் எழுத்து வேறுபட்டிருந்தாலோ, இரு பெயரும் ஒருவருடையதே என்ற உறுதிமொழிப் பத்திரம் எடுத்து அதற்கும் அப்போஸ்டில் வாங்குங்கள்.

* * *

கேட்கச் சங்கடமான ஒன்றையும் கேட்டுவிடுங்கள்: முதன்மை விண்ணப்பதாரர் இறந்தால் மற்றவர் நிலை என்ன? தாய்லாந்தில் சார்ந்தவரின் நீட்டிப்பு அதோடு போய்விடும். அவருக்கு 50 ஆகியிருந்தால் சொந்த நீட்டிப்புக்கு மாறலாம், ஆனால் 8,00,000 பாட் அவர் பெயரில் இருக்க வேண்டும். இறந்தவர் கணக்கில் கிடக்கும் பணத்தை நீதிமன்ற உத்தரவு வரும்வரை தொட முடியாது. கையில் வசதி இருந்தால் தொடக்கத்திலேயே இருவரும் தனித்தனியாக, மொத்தம் 16,00,000 பாட் வைத்து நீட்டிப்பு எடுப்பது மேல். போர்ச்சுகலில் குடும்ப இணைப்பில் வந்தவர் துணையை இழந்தால் தனி அனுமதி கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

குடும்ப ஓய்வூதியம் எத்தனை சதவீதம் என்பதையும் பென்ஷன் அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 1,400 டாலர் பென்ஷன் பாதியானால் 700. பனாமாவின் 1,000 டாலர் வரம்புக்கு அது போதாது.