பழைய வாடிக்கையாளர்களை எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறீர்கள்?

ஏசி மெக்கானிக், மதுரை:
அனைவருக்கும் வணக்கம். மதுரையில் ஏசி, ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். கடை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. நானும் உதவிக்கு ஒரு தம்பியும்தான். மார்ச் பிறந்தால் அழைப்புகள் குவிந்துவிடும். அவற்றில் பாதி, "போன வருடம் வந்து கேஸ் ஏற்றினீர்களே, அதே ஏசிதான்" என்றே தொடங்கும். அழைப்பவருக்கு என்னை நன்றாக நினைவிருக்கிறது. எனக்கோ எந்தத் தெரு, எந்த இயந்திரம் என்பது பிடிபடுவதே இல்லை. கைப்பேசியில் "ஏசி சார்" என்ற பெயரிலேயே வரிசையாக எண்கள் கிடக்கின்றன. வேலை குறையும் மழைக்காலத்தில் பழைய வீடுகளுக்கு நானே பேசி, கோடைக்கு முன் சர்வீஸ் செய்துகொள்ளச் சொல்லலாம் என்றால், யாரிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. கணினி இல்லாமல், தினமும் நேரம் செலவழிக்காமல் இதற்கு வழி உண்டா?

போர் மோட்டார் மெக்கானிக், கோவை:
வணக்கம் நண்பரே. எங்கள் தொழிலில் பழைய வேலைகளைக் குறித்து வைப்பது தொடக்கத்திலிருந்தே கட்டாயம், ஏனென்றால் பூமிக்குள் இறக்கியதை வெளியே எடுக்காமல் பார்க்க முடியாது. எனவே ஒவ்வொரு போருக்கும், அதாவது ஆழ்துளைக் கிணற்றுக்கும், நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, அதன் ஆழம், மோட்டாரின் ஹெச்பி, பம்பின் ஸ்டேஜ் (உள்ளே அடுக்காக இருக்கும், தண்ணீரைத் தள்ளும் சக்கரங்களின் எண்ணிக்கை), எத்தனை லெங்த் (துண்டு) பைப் இறங்கியிருக்கிறது, அது இருபதடி ஜிஐ பைப்பா அல்லது பத்தடி பிளாஸ்டிக் பைப்பா, கேபிள் எங்கே ஜாயின்ட் போடப்பட்டது என்பதையெல்லாம் எழுதிவிடுவோம். அடுத்த முறை "மோட்டார் ஓடவில்லை" என்று அழைப்பு வரும்போது, எத்தனை ஆட்களோடு போவது, பைப்பைப் பிடித்து நிறுத்த எந்தக் கிளாம்பை எடுத்துச் செல்வது என்பதை அந்தப் பக்கமே சொல்லிவிடும்.

அந்தப் பக்கத்தின் தலைப்பில் ஆளின் பெயரை நான் எழுதுவதில்லை. ஊர், தெரு, தோட்டம், அதன் பிறகே பெயர். அப்பா காலமாகி மகன் பேசுவார், எண் மாறிவிடும், வீடே கைமாறிவிடும். ஆனால் போர் அதே இடத்தில்தான் இருக்கும். உங்கள் தொழிலில் ஒரு சிக்கல் உண்டு: வாடகைக்கு இருப்பவர் ஏசியையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார். ஆகவே முகவரியோடு இயந்திரத்தின் சீரியல் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை டன், உள்ளே இருப்பது ஆர்22, ஆர்410ஏ, ஆர்32 ஆகியவற்றில் எந்த கேஸ், மாற்றிய கெப்பாசிட்டர் எத்தனை மைக்ரோஃபாரட், அவுட்டோர் யூனிட் சன்ஷேடு மேல் இருக்கிறதா, ஏணி வேண்டுமா என்ற இவ்வளவும் இருந்தால், வாடிக்கையாளரின் முகம் மறந்தாலும் குறையில்லை. சரியான சிலிண்டரோடு போய் நிற்பவரைத்தான் அவர்கள் "நம்மை நினைவு வைத்திருக்கிறார்" என்று சொல்வார்கள்.

எலக்ட்ரீசியன், திருச்சி:
அண்ணன் சொன்ன நோட்டு நல்ல வழிதான். ஆனால் அது வீட்டில் இருக்கும், நாம் வெயிலில் வண்டியில் இருப்போம். அதனால் நான் இரண்டு இடங்களில் பதிகிறேன். முதல் இடம் இயந்திரமே: இன்வெர்ட்டர் பேட்டரியின் மீது மார்க்கரால் பொருத்திய தேதியையும், ஸ்விட்ச் போர்டின் உட்புறத்தில் ஒட்டும் ஸ்டிக்கரில் செய்த வேலையையும் என் எண்ணையும் எழுதிவிடுவேன். வேறொருவர் திறந்து பார்த்தாலும் அவருக்கும் உதவும்.

இரண்டாவது, வாட்ஸ்அப். வேலை முடிந்ததும் இயந்திரத்தின் லேபிளைப் படமெடுத்து, என்ன செய்தேன் என்று ஒரு வரியோடு அந்த வாடிக்கையாளருக்கே அனுப்பிவிட்டால், அந்த உரையாடலே பதிவேடாகிவிடுகிறது. தனியாக எழுத வேண்டியதில்லை. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் ஒவ்வொருவருக்கும் "சர்வீஸ் நிலுவை", "புதிய ஏசி" என்று லேபிள் போடும் வசதியும் இருக்கிறது. பலருக்கு ஒரே நேரத்தில் பிராட்காஸ்ட் அனுப்பினால், நம் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். ஆகவே கிளம்புவதற்கு முன், எண்ணைச் சேமித்துக்கொள்ளும்படி கேட்டுவிடுங்கள். தொடர்பு எண்களை சிம்மில் சேமிக்காமல் கூகுள் கணக்கில் சேமியுங்கள். கைப்பேசி தொலைந்தாலும் திரும்பக் கிடைக்கும், குறிப்பு எழுதவும் இடம் இருக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்:
நான் தொழில் செய்பவள் அல்ல, உங்களைப் போன்றவர்களை வீட்டுக்கு அழைப்பவள். அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன், தம்பி. எங்கள் வீட்டு ஆர்ஓ இயந்திரத்துக்கு வருபவர், "அம்மா, போன முறை மெம்பிரேனை மாற்றவில்லை, ஃபில்டர் மட்டும்தான் மாற்றினேன், இப்போது தண்ணீரை ஒருமுறை பார்த்துவிடலாமா" என்று கேட்பார். அவர் குறித்து வைத்திருப்பது அந்தக் கேள்வியிலேயே தெரியும், மறுக்கத் தோன்றாது. இன்னொருவர் தினமும் காலை வணக்கப் படமும், பண்டிகைதோறும் வாழ்த்தும் அனுப்பினார். அவர் எண்ணை முடக்கிவிட்டேன். ஆண்டுக்கு ஒரு முறை, தேவையான நேரத்தில் பேசினால் போதும். சாவி எங்கே இருக்கும், யார் எப்போது வெளியூர் போவார்கள் என்பன போன்ற விவரங்களைத் தயவுசெய்து எதிலும் எழுதாதீர்கள். கொடுத்த எண்ணை எங்களைக் கேட்காமல் வேறு கடைக்காரர்களுக்குக் கொடுப்பதும் முறையல்ல. 2023ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இதற்கென்று தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே இயற்றியிருக்கிறது.

ஏசி மெக்கானிக், மதுரை:
மூவருக்கும் நன்றி. அம்மா சொன்னதை மனத்தில் வைத்துக்கொள்கிறேன். இரண்டு சந்தேகங்கள். உதவிக்கு இருக்கும் தம்பி நாளை தனியாகத் தொழில் தொடங்கினால் இந்த விவரமெல்லாம் அவனோடு போய்விடாதா? ஏற்கெனவே விட்டுப்போன பழைய வாடிக்கையாளர்களை எப்படிப் பிடிப்பது?

போர் மோட்டார் மெக்கானிக், கோவை:
போகத்தான் செய்யும். நோட்டு இல்லாவிட்டாலும் வீடுகளின் வழி அவனுக்குத் தெரியும். அதற்குப் பயந்து எழுதாமல் இருந்தால் நட்டம் உங்களுக்கே. பழையவர்களைத் தேடித் தேடி எழுத உட்காராதீர்கள், பாதியில் விட்டுவிடுவீர்கள். அழைக்கிறவரை அன்றே எழுதுங்கள். இரண்டு கோடைகளில் முக்கால்வாசிப் பேர் தாமாகவே நோட்டுக்குள் வந்துவிடுவார்கள்.

எலக்ட்ரீசியன், திருச்சி:
இன்னொரு வழியும் உண்டு, அண்ணா. உங்கள் ஜிபே, போன்பே கணக்கில் பணம் அனுப்பியவரின் பெயர், தேதி, தொகை மூன்றும் இருக்கும். தொகையைப் பார்த்தாலே கேஸ் ஏற்றியதா, வெறும் வாட்டர் சர்வீஸா என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். சென்ற ஏப்ரல், மே மாதங்களை மட்டும் முதலில் எடுத்துப் பாருங்கள்.